சப்க்வெரி எத்தனை நடை நடக்கிறது?

ஜவுளிக்கடையில் கடைப்பையனிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "மாடிக்குப் போய் இதில் எழுதியிருக்கிற 20 சேலையையும் எடுத்துக்கொண்டு வா" என்றால் ஒரே நடையில் வேலை முடிந்தது. சீட்டைக் கொடுக்காமல் ஒவ்வொரு சேலையாகச் சொல்லி அனுப்பினால் 20 தடவை மாடி ஏறி இறங்க வேண்டும். கீழே வந்து சேருவது அதே 20 சேலைதான். ஆனால் பையனுக்குக் கால் விட்டுப்போயிருக்கும், சேலை கேட்டவர் எதிர்க்கடையில் பில் போட்டுக்கொண்டிருப்பார்.

டேட்டாபேஸிடம் எஸ்க்யூஎல் மொழியில் கேட்கிற கேள்விதான் க்வெரி. சப்க்வெரி என்பது ஒரு கேள்விக்குள் இன்னொரு கேள்வி. உள்ளே இருக்கிற கேள்வி மாடிக்குப் போய்ச் சாமான் எடுத்து வருகிற பையன் மாதிரி. அதை எழுதுவது கடினமே இல்லை, அடைப்புக்குறி போட்டு உள்ளே இன்னொரு செலக்ட் எழுதினால் ஆயிற்று. பையன் எத்தனை நடை நடக்கிறான் என்பதைத்தான் நாம் எழுதும்போது பார்ப்பதில்லை.

நானும் பார்த்ததில்லை. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இரவு 11 மணிக்கு ஓட வேண்டிய ஒரு ரிப்போர்ட்டை எழுதிக் கொடுத்தேன். என் கணினியில் சோதனைக்கு வைத்திருந்தது 200 பில். என்டர் தட்டுவதற்குள் விடை வந்தது. உண்மையான டேட்டாவில் விட்டபோது, மறுநாள் காலை கடை திறந்து முதல் பில் போடும்போதும் அது ஓடிக்கொண்டிருந்தது. க்வெரியில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. நடைதான் அதிகம்.

இந்தக் கட்டுரை முழுக்க இரண்டு டேபிள் போதும். 'வாடிக்கையாளர்' என்ற டேபிளில் எண், பெயர், ஊர். மொத்தம் 20,000 வரிகள். 'பில்' என்ற டேபிளில் எண், வாடிக்கையாளர்_எண், தேதி, தொகை. மொத்தம் 10 லட்சம் வரிகள். சராசரியாக ஒருவருக்கு 50 பில். வரி என்று நான் சொல்வது ரோ. கணக்கு நோட்டில் ஒரு வரி எழுதுகிறோமே, அதுதான். கட்டளைச் சொற்களைக் காதில் கேட்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள். செலக்ட் என்றால் எதை எடுக்க வேண்டும், ஃப்ரம் என்றால் எந்த டேபிளிலிருந்து, வேர் என்றால் என்ன நிபந்தனை. ஏவிஜி சராசரி, மேக்ஸ் பெரியது, கவுண்ட் எண்ணிக்கை. டேபிள் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் முகம் சுளிக்காது, ஏற்றுக்கொள்ளும்.

ஒரே நடை

முதலில் வலி இல்லாத ரகம். கடையின் சராசரி பில் தொகையைவிட அதிகமான பில்கள் வேண்டும்.

செலக்ட் எண், தொகை
ஃப்ரம் பில்
வேர் தொகை > (செலக்ட் ஏவிஜி(தொகை) ஃப்ரம் பில்)

அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் தனியாக வெட்டி எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓடும், வெளியில் இருக்கிற எதையும் அது கேட்கவில்லை. அதனால் டேட்டாபேஸ் அதை ஒரே ஒரு தடவை ஓட்டி, வந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம் 10 லட்சம் பில்லையும் அந்த எண்ணோடு ஒப்பிடும். க்வெரியை எப்படி ஓட்டுவது என்று போஸ்ட்கிரெஸ் போடுகிற திட்டத்தில் இது 'இனிட்பிளான்' என்ற பெயரில் தெரியும். இதில் மாற்றி எழுத ஒன்றும் இல்லை. சப்க்வெரி என்றாலே மெதுவு என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

வரிக்கு ஒரு நடை

இப்போது ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைசியாக என்று வந்தார் என்று பார்க்க வேண்டும்.

செலக்ட் வா.பெயர்,
(செலக்ட் மேக்ஸ்(பி.தேதி) ஃப்ரம் பில் பி
வேர் பி.வாடிக்கையாளர்_எண் = வா.எண்)
ஃப்ரம் வாடிக்கையாளர் வா

இங்கே உள்கேள்வியைத் தனியாக வெட்டி ஓட்டினால் பிழை வரும். 'வா.எண்' என்றால் யார் என்று அதற்குத் தெரியாது. (வா என்பது வாடிக்கையாளர் டேபிளுக்கும், பி என்பது பில் டேபிளுக்கும் க்வெரிக்குள் நான் வைத்த சுருக்கப் பெயர்.) வெளியே ஒரு வாடிக்கையாளரைக் கையில் எடுத்த பிறகுதான் உள்ளே இருப்பதற்கு அர்த்தமே வருகிறது. இதைத்தான் கோரிலேட்டட் சப்க்வெரி என்கிறார்கள். வெளி வரியோடு கயிறு கட்டிக்கொண்டிருக்கிற கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். தனியாக வெட்டி ஓட்டிப் பார்ப்பதுதான் கயிறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி.

கயிறு இருந்தால், எழுதியபடியே ஓட்டினால், வெளியே எத்தனை வரியோ அத்தனை நடை. இங்கே 20,000 நடை. ஒவ்வொரு நடையிலும் என்ன வேலை என்பதுதான் அடுத்த கேள்வி. பில் டேபிளில் வாடிக்கையாளர்_எண் மேல் இண்டெக்ஸ் (புத்தகத்தின் கடைசியில் இருக்கிற சொல்லடைவு மாதிரி, எது எங்கே என்று சொல்கிற பட்டியல்) இல்லையென்றால் ஒவ்வொரு நடையிலும் 10 லட்சம் பில்லையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டும். 20,000 பெருக்கல் 10 லட்சம், அதாவது 2,000 கோடி ஒப்பீடு. என் ராத்திரி ரிப்போர்ட் விடியும்வரை ஓடியது இதனால்தான்.

இண்டெக்ஸ் இருந்தால் கதையே வேறு. மரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிகிற பி-ட்ரீ இண்டெக்ஸில் 10 லட்சம் வரி என்பது மூன்று படி இறங்கினால் எட்டிவிடக்கூடிய ஆழம்தான். வாடிக்கையாளர்_எண், தேதி இரண்டையும் அதே வரிசையில் சேர்த்து ஒரே இண்டெக்ஸாகப் போட்டுவிட்டால், ஒருவருடைய பில்கள் தேதிவாரியாக அடுக்கியபடியே இண்டெக்ஸில் இருக்கும். மேக்ஸ் கேட்டால் கடைசி ஒன்றை மட்டும் எடுத்தால் போதும், 50 பில்லையும் பார்க்கவே வேண்டாம். நடை அதே 20,000. ஆனால் ஒவ்வொன்றும் மாடி ஏறுகிற நடையாக இல்லாமல், கல்லாவிலிருந்து கையை நீட்டி எடுக்கிற தூரமாகிவிடும்.

இதில் நிறையப் பேர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர்_எண்ணை ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டுகிற புலம்) என்று அறிவித்துவிட்டால் அதற்கு இண்டெக்ஸ் தானாகவே வந்துவிடும் என்று நினைக்கிறோம். மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில், டேபிள்களைச் சேமிக்கிற இன்னோடிபி என்ற பகுதி அப்படித்தான் செய்யும். போஸ்ட்கிரெஸ் செய்யாது. அங்கே வரியை அடையாளம் காட்டுகிற பிரைமரி கீக்கும், ஒரே மதிப்பு இரண்டு தடவை வரக்கூடாது என்கிற யூனிக்குக்கும்தான் தானாக இண்டெக்ஸ் வரும், ஃபாரின் கீ இருக்கிற டேபிளில் நாமாகத்தான் போட வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் பழகிவிட்டுப் போஸ்ட்கிரெஸுக்கு வருகிறவர்களுக்கு இது முதல் அடி.

சீட்டு எழுதிக் கொடுப்பது

இண்டெக்ஸ் இருந்தாலும் தீராத கேள்விகளும் உண்டு. ஒவ்வொருவருடைய சராசரிக்கும் மேலாக அவரே வாங்கிய பில்கள் எவை?

செலக்ட் பி.எண், பி.தொகை
ஃப்ரம் பில் பி
வேர் பி.தொகை > (செலக்ட் ஏவிஜி(ப.தொகை) ஃப்ரம் பில் ப
வேர் ப.வாடிக்கையாளர்_எண் = பி.வாடிக்கையாளர்_எண்)

இப்போது வெளியே இருப்பது வாடிக்கையாளர் இல்லை, பில். அதாவது 10 லட்சம் நடை. இண்டெக்ஸ் இல்லாவிட்டால் 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்க வேண்டும்: ஒரு லட்சம் கோடி. இண்டெக்ஸ் போட்டாலும் ஒவ்வொரு பில்லுக்கும் அந்த ஆளுடைய 50 பில்லையும் எடுத்துச் சராசரி போட வேண்டியிருப்பதால் 5 கோடி வரி படிக்கிறோம். 50 பில் வைத்திருக்கிற ஒரே ஆளுக்கு, மாறவே மாறாத ஒரே சராசரியை 50 தடவை கணக்குப் போடுகிறோம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

எல்லோருடைய சராசரியையும் முதலில் ஒரே நடையில் போட்டு வைத்துக்கொண்டால்?

செலக்ட் பி.எண், பி.தொகை
ஃப்ரம் பில் பி
ஜாயின் (செலக்ட் வாடிக்கையாளர்_எண், ஏவிஜி(தொகை) ஆஸ் சராசரி
ஃப்ரம் பில் குரூப் பை வாடிக்கையாளர்_எண்) ச
ஆன் ச.வாடிக்கையாளர்_எண் = பி.வாடிக்கையாளர்_எண்
வேர் பி.தொகை > ச.சராசரி

குரூப் பை வாடிக்கையாளர்வாரியாகத் தொகுக்கும், ஜாயின் இரண்டு பட்டியலைப் பொருத்திச் சேர்க்கும். பில் டேபிளை ஒரு தடவை படித்து 20,000 சராசரிகள் கொண்ட ஒரு சின்னப் பட்டியல் தயார். இன்னொரு தடவை பில்களைப் படித்துப் பட்டியலோடு ஒப்பிட்டால் விடை. மொத்தம் 20 லட்சம் வரி. 5 கோடி எங்கே, 20 லட்சம் எங்கே? கயிற்றை அறுத்துவிட்டோம், அவ்வளவுதான். உள்கேள்வியை இப்போது தனியாக வெட்டி ஓட்டினால் ஓடும். (இதையே, வரிகளைச் சுருக்காமல் தொகுதிவாரியாகக் கணக்குப் போடுகிற விண்டோ ஃபங்ஷனாலும் எழுதலாம்: ஏவிஜி(தொகை) ஓவர் (பார்ட்டிஷன் பை வாடிக்கையாளர்_எண்). மைஎஸ்க்யூஎல் 8.0க்கு முன்னால் இருந்தால் இந்த வசதி கிடையாது.)

சரி, அப்படியானால் கயிறு கட்டிய கேள்வியை எங்கே பார்த்தாலும் குரூப் பையாக மாற்றிவிடலாமா? வேண்டாம். முந்தைய 'கடைசியாக என்று வந்தார்' கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 'வேர் ஊர் = காரைக்குடி' என்று ஒரு நிபந்தனை சேர்ந்து 15 பேர்தான் மிஞ்சுகிறார்கள் என்றால், இண்டெக்ஸ் உள்ள கோரிலேட்டட் சப்க்வெரி 15 சின்ன நடையில் முடித்துவிடும். குரூப் பை வடிவமோ பெரும்பாலும் 20,000 பேருக்கும் கணக்குப் போட்டுவிட்டு அதில் 19,985 பேரைத் தூக்கிப் போடும். திரையில் ஒரு பக்கத்துக்கு 10 பேரைக் காட்டுகிற இடத்தில் முதல் வடிவம், எல்லோருக்கும் சேர்த்து ரிப்போர்ட் எடுக்கிற இடத்தில் இரண்டாவது. நான் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

மாற்றும்போது தொலைகிறவர்கள்

கோரிலேட்டட் சப்க்வெரியை ஜாயினாக மாற்றுகிற வித்தையை முதலில் முறைப்படுத்தி எழுதியவர்களில் ஒருவர் வோன் கிம். 1982-ல் வந்தது அவருடைய கட்டுரை. நாம் மேலே கையால் செய்ததை டேட்டாபேஸே தானாகச் செய்துகொள்ள வழி சொன்னார். கொஞ்ச காலம் கழித்து அதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்தது. இன்றைக்கும் அதற்குப் பெயர் 'கவுண்ட் பக்'. பாடப்புத்தக விஷயம் என்று தள்ளிவிட முடியாது, கையால் மாற்றி எழுதுகிறவர்கள் இன்றைக்கும் வாரம் ஒரு தடவை இதில் விழுகிறார்கள்.

இந்த வருடம் 3 பில்லுக்கும் குறைவாக வாங்கியவர்களின் பட்டியல் வேண்டும் என்று முதலாளி கேட்கிறார். கோரிலேட்டட் வடிவத்தில் 'வேர் (செலக்ட் கவுண்ட்(*) ...) < 3' என்று எழுதுவோம். ஒரு பில்கூடப் போடாதவருக்குக் கவுண்ட் 0 என்று வரும், 0 என்பது 3-ஐவிடக் குறைவு, அவர் பட்டியலில் இருப்பார்.

இதைக் குரூப் பை போட்டு ஜாயின் செய்தால்? பில்லே இல்லாதவருக்குக் குரூப் பையில் வரியே உண்டாகாது. 0 என்று ஒரு வரி இருக்கும் என்று நினைக்கிறோம், இருக்காது. வரி இல்லாததால் ஜாயினில் அவர் காணாமல் போவார். முதலாளி போன் போட்டுக் கூப்பிட நினைத்ததே, ஒரு வருடமாக எட்டிப் பார்க்காத அந்த ஆட்களைத்தான். அவர்கள் அத்தனை பேரும் பட்டியலில் இல்லை. வேகம் கூடியது, விடை தப்பு.

மருந்து: ஜாயின் என்று எழுதாமல், பொருந்துகிற வரி இல்லாதவரையும் விடாமல் வைத்துக்கொள்கிற லெஃப்ட் ஜாயின் என்று எழுதி, எண்ணிக்கை வருகிற இடத்தில், மதிப்பு இல்லாவிட்டால் 0 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிற கோஅலெஸ்(எண்ணிக்கை, 0) < 3 என்று போடுவது. மேக்ஸ், ஏவிஜி என்றால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தலைகாட்டாது, ஏனென்றால் வெறும் தொகுதிக்கு அவை நல் ('மதிப்பு தெரியாது' என்ற குறி) தருகின்றன, நல்லோடு ஒப்பிட்டால் எப்படியும் வரி விழுந்துவிடும். கவுண்ட் மட்டும்தான் வெறுமைக்கும் 0 என்று ஒரு பதில் வைத்திருக்கிறது.

இந்தக் கயிறு அறுக்கிற வேலையை டேட்டாபேஸே எவ்வளவு தூரம் செய்துகொள்ளும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் பல வடிவங்களைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். டக்டிபி என்ற டேட்டாபேஸ் கோரிலேட்டட் சப்க்வெரி எதைக் கொடுத்தாலும் ஜாயினாக மாற்றிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும். போஸ்ட்கிரெஸ் எக்ஸிஸ்ட்ஸ் (அப்படி ஒரு வரி இருக்கிறதா), இன் (இந்தப் பட்டியலில் உண்டா) இரண்டையும் நன்றாக மாற்றும். ஆனால் மேலே பார்த்த மாதிரி ஏவிஜி, கவுண்ட் வைத்த ஒற்றை மதிப்புக் கேள்விகளை எழுதியபடியே வரிக்கு ஒரு நடையாக ஓட்டும். அங்கே மாற்றுவது நம் பொறுப்பு.

இன்னா, எக்ஸிஸ்ட்ஸா?

நேர்முகத் தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி. இந்த மாதம் வாங்கியவர்கள் யார் என்பதை 'வேர் எண் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் பில் ...)' என்றும் எழுதலாம், 'வேர் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் பில் ...)' என்றும் எழுதலாம். எது வேகம்?

இன்றைய போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் இரண்டிலும் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை. இரண்டையுமே செமி ஜாயின் என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுபோய்விடுகின்றன. செமி ஜாயின் என்றால், ஒருவருக்கு ஒரு பில் கண்ணில் பட்டதுமே போதும் என்று அடுத்தவரிடம் போய்விடுவது. மீதி 49 பில்லை எண்ணிக்கொண்டிருக்காது.

'இன் போடாதே, மெதுவு' என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. மைஎஸ்க்யூஎல் 5.5 வரைக்கும், கயிறே இல்லாத இன் சப்க்வெரிக்கும் அது தானாகக் கயிறு கட்டிவிடும். ஒரே நடையில் முடிய வேண்டியதை வரிக்கு ஒரு நடை நடக்கும். திட்டத்தைக் காட்டச் சொல்கிற எக்ஸ்பிளெய்ன் போட்டால் 'டிபெண்டன்ட் சப்க்வெரி' என்று வந்து வயிற்றைக் கலக்கும். 2013-ல் வந்த 5.6 பதிப்பில் செமி ஜாயின் சேர்ந்தது. காரணம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் அறிவுரை மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதேபோல எக்ஸிஸ்ட்ஸுக்குள் 'செலக்ட் *' போடுவதா 'செலக்ட் 1' போடுவதா என்ற சண்டையும் வீண். எக்ஸிஸ்ட்ஸ் அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை.

இந்த இடத்தில் சாதாரண ஜாயின் போட்டுவிடுகிறவர்களைத்தான் நான் தடுப்பேன். ஒருவருக்கு இந்த மாதம் 7 பில் இருந்தால் அவர் பெயர் 7 தடவை வரும். உடனே மேலே, திரும்பத் திரும்ப வருவதை நீக்குகிற டிஸ்டிங்க்ட் என்று ஒரு கட்டுப் போடுவார்கள். முதலில் பெருக்கிவிட்டு, பிறகு உட்கார்ந்து குறைப்பது. இரண்டும் வீண் செலவு. 'இருக்கிறதா இல்லையா' என்று மட்டும் தெரிந்தால் போதும் என்கிற இடத்தில் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்.

நாட் இன் வைத்த ஆப்பு

இன்னுக்கு எதிர்ப்பதமாக நாட் இன் போட்டால் விஷயம் வேறு. இதை நான் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் வராத வாடிக்கையாளர்கள் யார் என்று ஒரு பட்டியல்.

செலக்ட் பெயர் ஃப்ரம் வாடிக்கையாளர்
வேர் எண் நாட் இன் (செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் பில்
வேர் தேதி >= '2025-01-01' ஆண்ட் தேதி < '2025-02-01')

பல மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு மாதம் வெறும் பக்கம் வந்தது. "பரவாயில்லையே, இந்த மாதம் ஒருத்தர் விடாமல் வந்திருக்கிறார்கள்" என்று மேலாளர் சந்தோஷப்பட்டார். 20,000 பேரும் ஒரே மாதத்தில் வந்தார்களா என்று கேட்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நடந்தது இதுதான். அந்த மாதம்தான் பெயர் சொல்லாமல் ரொக்கம் கொடுத்து வாங்கிப் போகிறவர்களுக்கும் பில் போட ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பில்களில் வாடிக்கையாளர்_எண் நல். நல் என்றால் 0 இல்லை, வெறுமையும் இல்லை, 'தெரியாது' என்று பொருள். 'எண் நாட் இன் (5, 9, நல்)' என்பதை டேட்டாபேஸ் 'எண் 5 இல்லை, எண் 9 இல்லை, எண் தெரியாத அந்த ஒன்றும் இல்லை' என்று விரித்துப் படிக்கும். 12-ஆம் எண் வாடிக்கையாளர் 5 இல்லை, சரி. 9 இல்லை, சரி. தெரியாத அந்த ஒன்று 12 ஆகவும் இருக்கலாமே? விடை 'தெரியாது'. வேர் நிபந்தனையில் 'ஆம்' என்று வருகிற வரிதான் உள்ளே போகும், 'தெரியாது' என்றால் வெளியே. ஆக, உள்ளே ஒரே ஒரு நல் இருந்தாலும் 20,000 பேரும் வெளியே. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் கொடுமை.

நாட் எக்ஸிஸ்ட்ஸ் இப்படிச் செய்யாது. 'இந்த ஆளுக்குப் பொருந்துகிற பில் இருக்கிறதா' என்று மட்டும் பார்க்கும், நல் பில் யாருக்கும் பொருந்தாது, விடை சரியாக வரும்.

வேகத்திலும் நாட் இன்னுக்கு இதே நல் தொல்லைதான். நல் வந்தால் விடை மாறும் என்பதால், போஸ்ட்கிரெஸ் பல பதிப்புகளாக நாட் இன்னை ஜாயினாக மாற்றாமலே வைத்திருந்தது. உள்பட்டியல் நினைவகத்தில் அடங்கும் என்று தோன்றினால் அதை ஒரு ஹேஷ் டேபிளாக (எதையும் தேடாமல் சட்டென்று எடுக்கிற அடுக்காக) போட்டு வைத்துக்கொண்டு வேகமாகவே ஓட்டும். அந்த அளவு வொர்க்_மெம் என்ற அமைப்பைப் பொறுத்தது. பட்டியல் அதைத் தாண்டிப் பெருத்தால் ஹேஷைக் கைவிட்டுவிட்டு, ஒவ்வொரு வெளி வரிக்கும் பட்டியலை முதலிலிருந்து புரட்ட ஆரம்பிக்கும். நேற்றுவரை 2 வினாடியில் வந்தது இன்றைக்கு மணிக்கணக்கில் ஓடுகிறது, க்வெரியை யாரும் தொடவில்லை என்று யாராவது சொன்னால், முதலில் நாட் இன் இருக்கிறதா என்று தேடுவேன். நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதினால் ஆன்டி ஜாயினாக (பொருந்துகிற வரி இல்லாதவர்களை மட்டும் எடுப்பது) மாறி இந்தப் பள்ளத்தையே தாண்டிவிடும்.

சில்லறை விஷயங்கள்

ஒரு வாடிக்கையாளருக்கு மொத்தப் பில் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு, கடைசித் தேதி என்ன என்று செலக்ட் பட்டியலில் மூன்று தனித்தனி சப்க்வெரி எழுதுவது ரொம்பச் சகஜம். மூன்றுமே ஒரே இடத்துக்குப் போய் ஒரே பில்களைத்தான் புரட்டுகின்றன. ஒரே குரூப் பையில் கவுண்ட், சம், மேக்ஸ் மூன்றையும் கேட்டு ஜாயின் செய்தால் ஒரு நடை. கொஞ்சப் பேருக்கு மட்டும் என்றால் லேட்டரல் ஜாயின் நல்ல வழி. கயிறு கட்டிய சப்க்வெரிதான், ஆனால் ஒரே நடையில் பல மதிப்புகளைக் கொண்டுவரும். போஸ்ட்கிரெஸில் 9.3-லிருந்தும் மைஎஸ்க்யூஎல்லில் 8.0.14-லிருந்தும் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் இதற்குப் பெயர் அப்ளை.

வித் போட்டுச் சப்க்வெரிக்குப் பெயர் வைத்து மேலே எழுதினால் படிக்க எளிது, சந்தேகமில்லை. ஆனால் போஸ்ட்கிரெஸ் 11 வரைக்கும் வித்துக்குள் இருப்பதை முழுசாக ஓட்டித் தனியே வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு போகும், வெளியே நீங்கள் போட்ட நிபந்தனை உள்ளே எட்டாது. 2019-ல் வந்த 12-லிருந்து, ஒரே ஒரு இடத்தில் மட்டும் பயன்படுத்திய சாதாரண வித்தை உள்ளே இழுத்துக்கொண்டு சேர்த்தே யோசிக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் வித்தை அழகுக்காகப் போடுவதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

வேகத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'நீக்க_வேண்டியவர்' என்று ஒரு டேபிள், அதில் 'எண்' என்ற ஒரே புலம்.

டெலீட் ஃப்ரம் பில்
வேர் வாடிக்கையாளர்_எண் இன்
(செலக்ட் வாடிக்கையாளர்_எண் ஃப்ரம் நீக்க_வேண்டியவர்)

அந்த டேபிளில் வாடிக்கையாளர்_எண் என்ற புலமே இல்லை, பிழை வரும் என்றுதானே நினைக்கிறீர்கள்? வராது. உள்ளே கிடைக்காத பெயரை டேட்டாபேஸ் வெளியே தேடும். வெளியே பில்லில் அதே பெயர் இருக்கிறது. ஆக, 'இந்தப் பில்லின் வாடிக்கையாளர்_எண் இந்தப் பில்லின் வாடிக்கையாளர்_எண்ணுக்குச் சமமா' என்று கேட்டதாக ஆகிவிடும். சமம்தான். நீக்க வேண்டியவர் டேபிளில் ஒரே ஒரு வரி இருந்தாலும், வாடிக்கையாளர் எண் உள்ள அத்தனை பில்லும் போய்விடும். கோரிலேட்டட் சப்க்வெரியை யாரும் கேட்காமலே எழுதிவிட்டோம். நீக்க_வேண்டியவர் டேபிளுக்கு 'ந' என்று சுருக்கம் வைத்து, உள்கேள்வியில் ஒவ்வொரு புலத்துக்கும் முன்னால் அதைப் போட்டு 'ந.வாடிக்கையாளர்_எண்' என்று எழுதியிருந்தால் அந்த நிமிடமே பிழை காட்டி நின்றிருக்கும். சப்க்வெரி எழுதுகிற ஒவ்வொரு தடவையும் முன்னொட்டுப் போடுவது எனக்கு இப்போது கைப்பழக்கமாகிவிட்டது.

நடையை எண்ணிப் பார்ப்பது

இதுவரை நாம் மனக்கணக்காகத்தான் நடையை எண்ணினோம். டேட்டாபேஸிடமே கேட்கலாம். க்வெரிக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் என்று போட்டால் அது க்வெரியை நிஜமாக ஓட்டி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை தடவை ஓடியது என்று எழுதித் தரும். மைஎஸ்க்யூஎல்லில் இது 8.0.18-லிருந்து உண்டு.

போஸ்ட்கிரெஸ் தருவது முதல் பார்வைக்கு மிரட்டும். முழுவதையும் படிக்க வேண்டாம். 'சப்பிளான் 1' என்ற வரியைத் தேடுங்கள், அதற்குக் கீழே உள்ளே தள்ளி எழுதியிருக்கிற வரியின் கடைசியில் 'லூப்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அதுதான் நடை. கடைசித் தேதிக் கேள்வியை இண்டெக்ஸ் இல்லாமல் ஓட்டினால் அங்கே லூப்ஸ் 20000 என்று நிற்கும். பக்கத்தில் நேரம் 40 மில்லி வினாடி என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 மில்லி வினாடிதானே என்று கடந்துபோய்விடாதீர்கள், போஸ்ட்கிரெஸ் அங்கே காட்டுவது ஒரு நடையின் சராசரி நேரம். 20,000-ஆல் பெருக்கினால் 800 வினாடி, 13 நிமிடத்துக்கும் மேல். இண்டெக்ஸ் போட்ட பிறகு அதே இடத்தில் 0.03 என்று மாறினால் மொத்தம் 0.6 வினாடி. லூப்ஸ் இரண்டிலும் ஒன்றுதான், நடையின் தூரம்தான் குறைந்திருக்கிறது. குரூப் பையாக மாற்றி எழுதினால் சப்பிளான் என்ற வரியே மறைந்து, அந்த இடத்தில் ஹேஷ் ஜாயின் என்று வரும், லூப்ஸ் 1.

இந்தச் சோதனையை 200 பில் உள்ள டேபிளில் செய்து பயனில்லை. அத்தனை சின்ன டேபிளில் இண்டெக்ஸ் இருந்தாலும் டேட்டாபேஸ் அதைத் தொடாது, மொத்தமாகப் புரட்டுவதே அதற்குச் சுலபம். குறைந்தது சில லட்சம் வரியாவது போலி டேட்டாவை நிரப்பிக்கொள்ளுங்கள். போஸ்ட்கிரெஸில் ஜெனரேட்_சீரீஸ் என்ற ஃபங்ஷன் ஒரே கட்டளையில் 10 லட்சம் வரி உண்டாக்கித் தரும். நிரப்பிய கையோடு அனலைஸ் என்ற கட்டளையையும் ஒரு தடவை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் டேபிளில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் பழைய கணக்கை வைத்துத் திட்டம் போடும்.

இன்னொன்று: எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் நிஜமாக ஓட்டுகிறது என்று சொன்னேன் அல்லவா? டெலீட்டுக்கு முன்னால் போட்டால் போஸ்ட்கிரெஸ் நிஜமாகவே அழித்துவிட்டு, அழிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பொறுப்பாகச் சொல்லும். முன்னால் பிகின், பின்னால் ரோல்பேக் (செய்ததையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிற கட்டளை) போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்.